ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தவர்கள்

ஜி.எஸ்.டி. ரோட்டுல பல்லாவரத்துல ஆரம்பிச்சு செங்கல்பட்டு வரைக்கும், அந்தப் பக்கம் ஓ.எம்.ஆர். முழுக்க, 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' பலகைகளை எண்ண ஆரம்பிச்சா கை விரலும் கால் விரலும் பத்தாது. அதுல பாதி பலகைகள்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எழுதின பெயின்டருக்கும் தெரியாது, எழுதச் சொன்னவருக்கும் தெரியாது :-)

இந்தப் பதிவு பலகையைப் பத்தி இல்லை. உள்ளே வேலை பார்க்கிற வாத்தியாரைப் பத்தி. அதிலும் பிள்ளைங்க அங்கேயே தங்கிப் படிக்கிற உண்டு உறைவிடப் பள்ளி வாத்தியாரைப் பத்தி. இந்த வேலைக்கு நம்ம தமிழ் மண்ணுல ஏறக்குறைய இருநூறு வருஷத்து வரலாறு இருக்கு. ராஜா, மந்திரி, போர் எல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. ராத்திரி பத்து மணிக்கு விடுதி விளக்கை அணைச்சிட்டுப் போற வாத்தியாரை யார் எழுதறது? அதான் நானே உட்கார்ந்துட்டேன்.

எனக்கு இதுல என்ன அக்கறைன்னு கேட்டா, நானும் மூணு வருஷம் ஒரு மலை ஊர்ல இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருந்தவன். பள்ளியோட பேர் வேண்டாம். அதுக்கப்புறம் திருநீர்மலைக்கே திரும்பி வந்து, இப்ப குரோம்பேட்டைப் பக்கம் பகல்நேரப் பள்ளியில பாடம் எடுக்கிறேன்.

வட்டுக்கோட்டையும் உடுவிலும்

கதை கொடைக்கானல்ல ஆரம்பிக்கும்னு நினைப்பீங்க. இல்லை, யாழ்ப்பாணத்துல ஆரம்பிக்குது.

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். ஊர் ஊராகப் பகல்நேரப் பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். அங்கேதான் மிஷனரிகளுக்குச் சிக்கல். பகலில் சொல்லிக்கொடுத்ததை வீடு ராத்திரியில் கழுவி விட்டுவிடுகிறது என்று அவர்களுக்குத் தோன்றியது. பிள்ளை நம்மோடயே தங்கினால்தான் நாம் நினைத்தபடி வளரும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்படி வந்ததுதான் 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, பையன்களுக்கு. அடுத்த வருஷம், 1824இல், உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி.

இதைக் கொஞ்சம் நின்னு கவனிக்கணும். விடுதிப் பள்ளியை ஆரம்பிச்சதே பாடத்துக்காக இல்லை. பாடம் பகல்லயே நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவங்களுக்குத் தேவைப்பட்டது பிள்ளைகளோட சாயங்காலமும் ராத்திரியும்தான்.

செலவுக்கு என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் இருக்கும் நன்கொடையாளர்கள் ஆளுக்கொரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டார்கள். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்கு அவர்கள் சொல்லும் பெயர். கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழ்ப் பெயருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெயர் உட்கார்ந்திருப்பது இந்த வழியில்தான்.

மத நோக்கத்தை ஒரு பக்கம் வச்சிட்டுப் பார்த்தா, படிப்பு சாதாரணப் படிப்பில்லை. ஆங்கிலம், கணிதம், வானவியல், கூடவே தமிழ் இலக்கணம். வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகையை 1887இல் அச்சில் ஏற்றினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார். வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது, ஆனால் அது வளர்த்து விட்ட ஆட்கள் தமிழுக்கு எவ்வளவு செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஹேரியட் வின்ஸ்லோவின் மகன்

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்'னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. இந்தப் பழமொழி உண்மையான்னு சோதிச்சுப் பார்க்கணும்னா உடுவிலுக்குத்தான் போகணும்.

உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியை ஆரம்பித்தவர் ஹேரியட் வின்ஸ்லோ. அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவை நமக்குத் தெரியும். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஹேரியட் தமிழ்ப் பெண் பிள்ளைகளைத் தன்னோடு தங்க வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தார். ஆனால் தன் சொந்தப் பிள்ளை?

அந்தக் காலத்து மிஷனரிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே வெயில், காலரா, காய்ச்சல். அங்கே படிப்பு, உறவு, எதிர்காலம். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதற்கு முன் பாய்மரக் கப்பல், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம். போன பிள்ளையை மறுபடி எப்போது பார்ப்போம் என்று எந்தத் தாய்க்கும் தெரியாது.

வின்ஸ்லோ தம்பதியின் மகன் சார்லஸ் அப்படி அனுப்பப்பட்டவன். அமெரிக்கா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, 1832இல், இறந்துபோனான். அடுத்த வருஷம், 1833இல், ஹேரியட்டும் போய்விட்டார்.

ஊரார் பிள்ளைங்க வளர்ந்தாங்க. அந்தப் பள்ளி இன்னைக்கும் உடுவில் மகளிர் கல்லூரின்ற பேர்ல இருக்கு. தன் பிள்ளை தானே வளரலை. பழமொழி பொய்னு சொல்ல வரலை. அந்தப் பழமொழிக்கு யாரோ ஒருத்தர் விலை கொடுத்துக்கிட்டு இருப்பாங்க, அது யாருன்னு பார்க்கணும்னு மட்டும் சொல்றேன்.

ஆயிரம் பிள்ளைகளுக்குத் தாய்

உடுவிலுக்கு அடுத்து வந்தவர் எலிசா ஆக்னியூ. நியூயார்க் பெண்மணி. 1840இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏறக்குறைய 40 வருஷம் அதே பள்ளியை நடத்தினார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள் அவர் கையில் படித்தார்கள். அம்மா படித்தாள், மகள் படித்தாள், பேத்தியும் படித்தாள். அவருக்கு மிஷனரி உலகம் கொடுத்த பட்டம் 'ஆயிரம் மகள்களின் தாய்'.

அருமையான பட்டம்தான், நானும் மதிக்கிறேன். ஆனா ஒரு விடுதி வாத்தியாரா இருந்தவன் கண்ணுல பார்த்தா இன்னொண்ணும் தெரியுது. நாற்பது வருஷம் பகல்ல பாடம், சாயங்காலம் படிப்பு மேற்பார்வை, ராத்திரி காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கஞ்சி. இது மூணு ஆள் வேலை. இதை வேலைன்னு சொன்னா நேரம் கணக்குப் பார்க்கணும், ஓய்வு கொடுக்கணும், மாத்து ஆள் போடணும். 'தாய்'னு சொல்லிட்டா? தாய்க்கு ஏது லீவு, ஏது ஓவர்டைம்?

இந்த இருநூறு வருஷத்துல ஒவ்வொரு காலத்திலும் இந்தச் சாயங்கால வேலைக்கு ஒரு அழகான பேர் வச்சிருக்காங்க. அந்தப் பேரே கணக்குப் பார்க்காம இருக்கிறதுக்கு வழி பண்ணிக் கொடுத்திருக்கு. எலிசா காலத்துல அது 'தாய்மை'. அடுத்தடுத்து என்ன பேர்னு பார்க்கலாம்.

கப்பலேறின குழந்தைகள்

பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவது அமெரிக்கர்கள் மட்டும் செய்ததில்லை. ருட்யார்டு கிப்ளிங்கை அவருடைய அப்பா அம்மா 1871இல் இங்கிலாந்தில் சவுத்சீ என்ற ஊரில் விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார்கள். அவனுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை, தங்கைக்கு மூன்று. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு அது. அங்கே பட்ட பாட்டை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

நம்ம பக்கத்துக் கதை ஐடா ஸ்கடருடையது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். சின்னப் பெண்ணாக இருக்கும்போது அமெரிக்காவில் உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு அப்பா அம்மா இந்தியா திரும்பினார்கள். பிறகு மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு என்ற விடுதிப் பள்ளியில் படிப்பு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்தவர், அதற்குப் பிறகு டாக்டராகி 1900இல் திரும்பி வந்து வேலூர் மருத்துவமனையை உருவாக்கியது எல்லோரும் அறிந்த கதை. அப்பா அம்மா வேறு நாட்டில், பெண் இன்னொரு நாட்டில் என்று வளர்ந்த அந்த நடு வருஷங்களைப் பற்றித்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இங்கேயே மலை மேல் பள்ளி வைத்தால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஹென்றி லாரன்ஸ் பெயரில் நீலகிரியில் 1858இல் ஒரு பள்ளி வந்தது. இன்றைய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி அதுதான். குன்னூரில் 1899இல் ஹெப்ரான் பள்ளி. அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கொடைக்கானல்.

கொடைக்கானல், 1901

யாழ்ப்பாணத்து மிஷனின் கிளையாக 1834இல் மதுரை மிஷன் ஆரம்பித்தது. மதுரை வெயிலும் காலராவும் மிஷனரிக் குடும்பங்களைப் படுத்தி எடுத்தன. முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் பழனி மலை. 1845இல் கொடைக்கானலில் அவர்களுடைய முதல் இரண்டு பங்களாக்கள் எழுந்தன. சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். ஏரி பிற்பாடுதான் வந்தது, 1863இல் வெரே லெவிஞ்ச் கட்டியது.

மலை ஏறுவதும் லேசு இல்லை. ரயில் அம்மையநாயக்கனூர் வரைதான், அதுதான் இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் அடிவாரம். அதற்கு மேல் நடை, மட்டக்குதிரை, இல்லாவிட்டால் டோலி. டோலியைத் தூக்கியவர்கள் யார்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் குழந்தைகளோட வரலாறு நம்ம ஆளுங்க தோள்ல ஏறித்தான் மேல போயிருக்கு.

1901இல் ஹைக்ளெர்க் என்ற இடத்தில் 13 பிள்ளைகளோடு பள்ளி ஆரம்பித்தது. ஹைக்ளெர்க் ஸ்கூல் என்றுதான் பெயர். ஆரம்பத்தில் பொறுப்பை ஏற்றவர் மார்கரெட் எட்டி அம்மையார், ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியா வந்த ஷெர்வுட் எட்டியின் அம்மா. பல மிஷன்கள் சேர்ந்து நடத்தின. பாடத்திட்டம் அமெரிக்கக் கல்லூரியில் சேரத் தயார் செய்வது. இனிமேல் பிள்ளையைக் கப்பல் ஏற்ற வேண்டாம், பள்ளிப் படிப்பு முடிகிற வரைக்கும் ரயில் ஏற்றினால் போதும்.

இந்தப் பள்ளியின் நாட்காட்டியைப் பாருங்க, அதுலயே ஒரு பாசம் ஒளிஞ்சிருக்கு. நம்ம பள்ளிக்கூடங்களுக்கு ஏப்ரல் மே லீவு. அங்கே மே மாசம் பள்ளி நடக்கும். ஏன்னா வெயிலுக்குப் பயந்து அப்பா அம்மா மலைக்கு வர்ற மாசம் அதுதான். வந்தா பிள்ளை பக்கத்துலயே இருக்கும். நீண்ட விடுமுறையைக் குளிர்காலத்துல வச்சாங்க, மலையில குளிர் நடுக்கும்போது பிள்ளைங்க கீழே அப்பா அம்மாகிட்ட வந்துடுவாங்க. வருஷத்துல ரெண்டு தடவை குடும்பம் ஒண்ணா இருக்கணும்னே திட்டம் போட்ட காலண்டர்.

மீதி மாசங்கள்? அங்கேதான் வாத்தியாரும் விடுதிப் பொறுப்பாளரும். மிஷன் அனுப்பிய ஆசிரியருக்கு இது சம்பள வேலை என்பதைவிட ஒரு கடமை. இந்தக் காலத்துல சாயங்கால வேலைக்கு வச்ச பேர் 'ஊழியம்'. கடவுளுக்குச் செய்யிற வேலையில மணி பார்க்கலாமா? பார்க்கக் கூடாது. ஆக, கணக்கு மறுபடியும் எழுதப்படலை.

சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர், துணி வெளுப்பவர் என்று விடுதியைத் தாங்கிப் பிடித்த தமிழ் ஆட்களுக்கு இந்தப் பேருகூடக் கிடைக்கலை. அவங்க செஞ்சது வெறும் வேலை.

மிஷன் போய் இன்டர்நேஷனல் வந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. புதிதாக வரும் மிஷனரிகள் குறைந்துகொண்டே போனார்கள். மிஷனரிப் பிள்ளைகள் குறைந்தால் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி என்ன செய்யும்? ஒன்று மூட வேண்டும், இல்லாவிட்டால் மாற வேண்டும். கொடைப் பள்ளி மாறியது. 1970களின் நடுவில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது. 1976இல் ஐ.பி. டிப்ளமா படிப்பைக் கொண்டுவந்தது, இந்தியாவில் முதல் பள்ளி அதுதான். ஐ.பி. அமைப்பே 1968இல்தான் ஜெனீவாவில் தொடங்கியது. ஊர் ஊராக வேலை மாறும் தூதரக ஆட்கள், ஐ.நா. ஊழியர்கள் மாதிரியானவர்களின் பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லுபடியாகும் ஒரு படிப்பு வேண்டும் என்ற தேவையில் பிறந்தது. இன்று இந்தியாவில் ஐ.பி. பள்ளிகள் இருநூறுக்கும் மேல்.

ஆக 'இன்டர்நேஷனல்'ங்கற வார்த்தை பந்தாவுக்காகப் பிறக்கலை. பிள்ளையோட அப்பா அம்மா ஒரு இடத்துல நிலையா இல்லைங்கறதுதான் அந்த வார்த்தைக்குப் பின்னால இருக்கிற உண்மை. மிஷனரியோட பிள்ளையா இருந்தாலும் சரி, துபாய்ல வேலை பார்க்கிற நம்ம ஆளோட பிள்ளையா இருந்தாலும் சரி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல அந்தப் பிள்ளைக்கு வீடு இல்லை. வாத்தியார்தான் வீடு.

நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும்

எங்க ஊர்ப் பெருமாளைப் பத்தி ஒண்ணு சொல்லணும். திருநீர்மலையில அவர் நாலு கோலத்துல இருக்கார். அடிவாரத்துல நீர்வண்ணரா நிக்கிறார். மலை மேல நரசிம்மரா உட்கார்ந்திருக்கார், ரங்கநாதரா படுத்திருக்கார், உலகளந்தவரா நடக்கிறார். ஒரே ஊர்ல நாலு டூட்டி.

நான் அந்த மலை ஊர்ப் பள்ளியில சேர்ந்த ரெண்டாவது வாரமே அம்மாவுக்குப் போன் பண்ணி, 'நம்ம பெருமாள் வேலை கிடைச்சிருக்கும்மா'ன்னு சொன்னேன். வகுப்புல நிக்கணும். சாயங்காலம் ஸ்டடி ஹவர்ல ஆறரைலேர்ந்து எட்டரை வரைக்கும் உட்காரணும். விளக்கணைச்ச பிறகு வராந்தாவுல நடக்கணும். விடுதிக்குள்ளயே எனக்குக் கொடுத்த அறையில, கதவைத் தாழ் போடாம, படுக்கணும். பெருமாளாவது நாலு இடத்துல நாலு பேரா இருக்கார், நான் ஒருத்தன் :-)

என்னோட நியமனக் கடிதம் ரெண்டரைப் பக்கம். வாரத்துக்கு 24 பீரியட், ஒவ்வொண்ணும் 40 நிமிஷம். பெருக்கினா 16 மணி நேரம். பாடத்திட்டம், தேர்வு, விடைத்தாள், பெற்றோர் கூட்டம்னு இந்த 16 மணி நேரத்தைச் சுத்தி ரெண்டு பக்கத்துக்கும் மேல எழுதியிருந்துச்சு. விடுதி டூட்டி வாரத்துல நாலு நாள், சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து. அதையும் பெருக்கினா அதே 16 மணி நேரம். இதுக்குக் கடிதத்துல ஒரே ஒரு வரி: 'நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் இதர பணிகள்'. ஒண்ணு விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை முழு நாள் டூட்டி இந்தக் கணக்குலயே இல்லை. கணக்கு வாத்தியாருக்கு இது கண்ணுல படாம இருக்குமா?

கேட்டேன். 'சார், இது ஒரு பேஷன், இதுக்கெல்லாம் மணி பார்த்தா எப்படி'ன்னு பதில் வந்தது. அங்கேதான் எனக்கு எலிசா ஆக்னியூ ஞாபகத்துக்கு வந்தார். தாய்மை, ஊழியம், இப்போ அர்ப்பணிப்பு. பேர் மாறியிருக்கு, அந்த ஒத்தை வரி மாறலை.

ஆனா அந்த 16 மணி நேரம் வீண்னு சொல்லவே மாட்டேன். வளைகுடாவுல அப்பா அம்மா இருக்கிற ஒரு அஞ்சாம் கிளாஸ் பையன், வந்த முதல் ஒரு மாசமும் விளக்கணைக்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பான். 'சார், நீங்க இன்னைக்கு எங்க தூங்குவீங்க?' இங்கதாண்டா, அந்தக் கோடி ரூம்லன்னு சொன்னாத்தான் கண்ணை மூடுவான். மூணு வருஷத்துல நான் எடுத்த பின்னமும் தசமமும் அவனுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு தெரியாது. நான் எங்க தூங்கினேன்ங்கறது ஞாபகம் இருக்கும்னு நம்பறேன்.

அதே மூணு வருஷத்துல ரெண்டு தீபாவளிக்கு நான் திருநீர்மலை வரலை. வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைங்களுக்கு யாராவது இருக்கணுமே. அம்மா ஒரு தடவைகூடக் கோவிச்சுக்கலை. 'ஊரான் புள்ளைங்களுக்கு அதிரசம் கிடைச்சுதாடா?'ன்னு மட்டும் கேட்டாங்க. அந்தக் கேள்வியில எத்தனை சதவீதம் அக்கறை, எத்தனை சதவீதம் குத்தல்னு பிரிக்க எனக்கு இன்னும் கணக்கு வரலை.

தாம்பரத்து உதாரணம்

வாத்தியாரும் மாணவரும் ஒரே இடத்துல வாழறது தப்புன்னு நான் சொல்லலை. நல்லா நடந்த உதாரணம் எங்க வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துலயே இருக்கு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நூற்றாண்டு வருஷமான 1937இல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர்க் காட்டுப் பகுதியில் இடம். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகள். ஆசிரியர்களுக்கும் அதே வளாகத்தில் வீடுகள். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கேயே வாழ்ந்து மரம் மரமாக நட்டார்கள். அந்த மர நிழலில் இன்றைக்கும் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கல்லூரிப் பையனுக்குப் பதினெட்டு வயசு. அவனுக்கு வார்டன் போதும். எட்டு வயசுக் குழந்தைக்கு வார்டன் போதாது. அதுக்குப் பல் தேய்ச்சியான்னு கேட்க ஆள் வேணும். பள்ளி விடுதியில சாயங்கால வேலை கனமாகிறது இந்த வயசு வித்தியாசத்தாலதான்.

நம்ம சட்டமும் மெதுவா இதைப் புரிஞ்சுக்க ஆரம்பிச்சிருக்கு. 2012இல் போக்சோ சட்டம் வந்த பிறகு, ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014இல் தனிச் சட்டம் வந்தது. ராத்திரி டூட்டியில இருக்கிற வாத்தியாருக்கு இப்ப சட்டப்படி பொறுப்பு இருக்கு. பொறுப்பு சட்டத்துல ஏறிடுச்சு. அதுக்கான நேரம்தான் நியமனக் கடிதத்துல இன்னும் ஏறலை.

அக்கா மகளுக்குச் சொன்னது

இதையெல்லாம் இப்ப தோண்டி எடுக்கக் காரணம் என் அக்கா மகள். பி.எட். முடிச்சிட்டா. கையில ரெண்டு வேலை. ஒண்ணு பம்மல் பக்கம் பகல்நேரப் பள்ளி. இன்னொண்ணு மலை மேல ஒரு இன்டர்நேஷனல் விடுதிப் பள்ளி, சம்பளம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, தங்க இடமும் சாப்பாடும் இலவசம். அவளுக்கு நாலு வயசுல ஒரு பையன். 'பையனையும் அங்கேயே ஃப்ரீயா படிக்க வைக்கலாமாம் மாமா, போகட்டுமா?'ன்னு கேட்டா.

போ, போகாதேன்னு நான் சொல்லலை. ஹேரியட் வின்ஸ்லோ கதையையும் எலிசா ஆக்னியூ கதையையும் சொன்னேன். அப்புறம் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட அஞ்சு கேள்வி கேட்கச் சொன்னேன்.

ஒண்ணு, விடுதி டூட்டி வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு கடிதத்துல எண்ணா எழுதித் தருவீங்களா? ரெண்டு, டூட்டி இருக்கிற ராத்திரிக்கு மறுநாள் காலை முதல் பீரியட் யார் எடுப்பாங்க? மூணு, எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள்? நாலு, ராத்திரி ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியலைன்னா கூப்பிட நர்ஸ் வளாகத்துலயே இருக்காங்களா? அஞ்சாவதுதான் முக்கியம். நான் அடுத்தவங்க பிள்ளைங்களோட ஸ்டடி ஹவர்ல உட்கார்ந்திருக்கும்போது, என் பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுவாங்க?

முதல் நாலுக்கும் பதில் சொல்ற பள்ளிகள் இருக்கு, நல்ல பள்ளிகள். அஞ்சாவது கேள்விக்குப் பதில் வச்சிருக்கிற பள்ளி, இந்த வேலையோட இருநூறு வருஷ வரலாற்றையும் புரிஞ்சுக்கிட்ட பள்ளின்னு நான் நினைக்கிறேன்.

அவ கேள்விகளை மெயில்ல அனுப்பியிருக்கா. நாலுக்குப் பதில் வந்திருக்கு, எண்ணோட, தெளிவா. அஞ்சாவதுக்கு 'நேரில் பேசலாம்'னு போட்டிருக்காங்க. அடுத்த வாரம் நேர்ல போறா, பையனையும் கூட்டிக்கிட்டு. நல்ல யோசனைன்னு சொன்னேன். கேள்வி யாரைப் பத்தினதோ அவனே எதிர்ல உட்கார்ந்திருந்தா பதில் சொல்றவங்களும் கொஞ்சம் யோசிச்சுத்தானே சொல்லணும்.

டிஸ்கி: விடுதிப் பள்ளியில வேலை பார்த்தவங்க, படிச்சவங்க இதைப் படிச்சா உங்க சாயங்காலங்களைப் பத்தி எழுதுங்க. பாடத்தைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க.